மணல் லோடு அளக்க டெப்த் கேமரா: கொழிஞ்சாம்பாறை டெப்போவுல பைதான் பைண்டிங் எழுதின கதை முழுசா

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு மணல், ஜல்லி டெப்போ. இடம் பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்கா, கேரளாதான், ஆனா டெப்போக்காரர்ல இருந்து லோடு இறக்குற ஆளுங்க வரைக்கும் பேச்சு எல்லாமே தமிழ். எம்சாண்ட் வர்றது கிணத்துக்கடவு, பொள்ளாச்சி பக்கத்து கிரஷர்ல இருந்து, கோபாலபுரம் இல்லேன்னா வேலந்தாவளம் வழியா. காசு பேசுறது கன அடி கணக்குல, நம்ம பக்கம் 100 அடி ஒரு யூனிட், அங்க நேரா "எத்தன அடி"ன்னுதான் கேப்பாங்க. அளக்கறது டேப்புல. நீளம், அகலம், அப்புறம் மணல்ல கம்பிய குத்தி ஒசரம், மூணையும் பெருக்கினா அடி. மணல் மேல கூம்பா நிக்கும், ஓரத்துல பள்ளமா இருக்கும், கம்பிய எங்க குத்துறோம்ங்கறதுலதான் மொத்த சண்டையும். கிரஷர்ல ஏத்துறப்ப நிறைஞ்சிருந்த மணல் ரோட்டுல குலுங்கி குலுங்கி அமுங்கி வேற வருது, டிரைவர் நிறைச்சுத்தான் கொண்டாந்தேன்னு சொல்வாரு, டெப்போக்காரர் இங்க கொறையுதேன்னு சொல்வாரு, ரெண்டு பேர் சொல்றதும் உண்மை.

இத தீக்கலாம்னு டெப்போக்காரர் மகன் ஒரு பழைய கினெக்ட் (பிக்சல் பிக்சலா தூரத்த அளக்கற டெப்த் கேமரா) வாங்கி ஷெட்டு கூரைய தாங்கற டிரஸ்ல மாட்டி வெச்சிருந்தாரு. கூட ஒரு சின்ன போர்டு கம்ப்யூட்டர், யாரோ எழுதிக் குடுத்த ஒரு பைதான் ஸ்கிரிப்ட். வண்டி கீழ வந்து நிக்கணும், பட்டன அமுக்கணும், வண்டி நம்பர் அடிக்கணும், அடி கணக்கு வரும். பாதி நாள் டேப்போட ஒத்துப்போச்சு, மீதி நாள் வாய்க்கு வந்த நம்பர சொல்லுச்சு, நல்லா நிறைஞ்ச 100 அடி வண்டிய 80க்கும் கீழ காட்டினப்ப ஒரு டிரைவர் வண்டிய குறுக்க நிறுத்திட்டு எறங்க மாட்டேன்னுட்டாரு. "ஏனுங்ணா, நான் என்ன வழியிலயா மணல தின்னுட்டு வந்தேன்"னு அவர் கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. அதுக்கப்புறம்தான் என்னைய கூப்பிட்டாங்க. இந்த வேலைக்கு நாமளே ஒரு பைண்டிங் (சி, சி++ல இருக்கற லைப்ரரிய பைதான்ல இருந்து கூப்பிட வழி பண்ற இணைப்பு) எழுத வேண்டி வந்தது ஏன், அது எப்படி எழுதினோம், அதுல என்னென்ன பாத்தோம்னு முழுசா எழுதி வெக்கறேன். டெப்த் கேமராவ பைதான்ல இருந்து தொடுற யாருக்கும் இது உபயோகப்படும், ஏன்னா இங்க மாட்டிக்கிட்ட விஷயம் மணலுக்கு மட்டும் சொந்தமானது இல்ல.

மொதல்ல கேமராவ பத்தி கொஞ்சம். கினெக்ட் முதல் மாடல் 2010 நவம்பர்ல எக்ஸ்பாக்ஸுக்காக வந்தது, உள்ள இருந்த டெக்னாலஜி இஸ்ரேல் கம்பெனி பிரைம்சென்ஸோடது. வந்த உடனே கம்ப்யூட்டருக்கு ஓபன் சோர்ஸ் டிரைவர் எழுதறவங்களுக்கு அடாஃப்ரூட்ங்கற எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி பரிசு அறிவிச்சாங்க, 3000 டாலர் வரைக்கும் ஏறுச்சு, ஹெக்டர் மார்ட்டின்ங்கற புரோகிராமர் ஒரு வாரத்துக்குள்ள எழுதி வெளியிட்டாரு, அதுல இருந்து வளந்ததுதான் லிப்ஃப்ரீநெக்ட்ங்கற லைப்ரரி. இன்ஃப்ராரெட் லேசர்ல புள்ளி புள்ளியா ஒரு பேட்டர்ன் அடிக்கும், ஏழரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கற இன்ஃப்ராரெட் கேமரா அத பாக்கும், புள்ளி எவ்வளவு நகந்திருக்குன்னு வெச்சு தூரம் கணக்கு போடும். 640க்கு 480 பிக்சல், செகண்டுக்கு 30 ஃப்ரேம், ஒவ்வொரு பிக்சலும் 11 பிட். பேக் பண்ணி வர்றப்ப ஒரு ஃப்ரேம் 4,22,400 பைட், அத லைப்ரரி பிரிச்சு 16 பிட் நம்பரா மாத்திக் குடுக்கும், மில்லிமீட்டர் மோடு கேட்டா தூரம் நேரா மில்லிமீட்டர்ல வரும். தூரம் தெரியாத பிக்சலுக்கு அந்த மோடுல 0 வரும். இந்த 0வ மறந்துடாதீங்க, பின்னாடி வரும்.

தூரம் கூடக்கூட அளவு முரடாகும், அதுவும் தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி. ஒரு மீட்டர்ல ஒரு படி கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர்னா மூணு மீட்டர்ல ரெண்டரை சென்டிமீட்டர். நம்ம சின்ன டிப்பரோட பாடி 10 அடிக்கு 6 அடி, ஆக 60 சதுர அடி, சராசரி ஒசரத்துல ஒரே ஒரு சென்டிமீட்டர் பிசகினா கிட்டத்தட்ட 2 கன அடி போச்சு. அதனால ஒரு ஃப்ரேம வெச்சு ஒண்ணும் சொல்லக்கூடாது, பல ஃப்ரேம் எடுத்து பிக்சல் பிக்சலா மீடியன் (வரிசைப்படுத்தினா நடுவுல வர்ற அளவு) போடணும். அந்த ஸ்கிரிப்ட்டும் அதத்தான் செஞ்சுது, 30 ஃப்ரேம் எடுத்து மீடியன். எழுதினவருக்கு கேமராவ பத்தி நல்லாவே தெரிஞ்சிருக்கு, கணக்கு பகுதிய படிச்சப்ப எனக்கு மரியாதைதான் வந்துச்சு.

எங்க தப்பு இருந்துச்சு

கேமராவுல கோளாறா, கணக்குல கோளாறான்னு பிரிக்கறதுக்கு நான் பண்ணினது ஒண்ணே ஒண்ணு. வெறும் தரைய பாக்க விட்டு, 30 ஃப்ரேம எடுத்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் அந்த 30 அளவு எவ்வளவு ஆடுதுன்னு ஸ்டாண்டர்ட் டீவியேஷன் போட்டு படமா வரைஞ்சேன். நாலஞ்சு மீட்டர் தூரத்துல இருக்கற தரைக்கு இந்த கேமராவுல பிக்சல் துள்ளிக்கிட்டே இருக்கணும், ஓரத்துல அதிகமா துள்ளும். வந்த படம் சுத்தமா கருப்பு. மூலைக்கு மூலை 0. எந்த சென்சாரும் இப்படி இருக்காது. அதாவது 30 ஃப்ரேம்னு நாம நெனச்சுக்கிட்டு இருந்தது 30 ஃப்ரேமே இல்ல.

லிஸ்ட்ல இருந்த 30 நம்பை அரேயோட (நம்பைங்கறது பைதானோட கணக்கு லைப்ரரி, அரேங்கறது நம்பர் அட்டவணை) மெமரி அட்ரஸ பிரிண்ட் பண்ணி பாத்தா எல்லாமே ஒரே அட்ரஸ். ஸ்கிரிப்ட் சிடைப்ஸ்ல எழுதினது, சி லைப்ரரிய நேரா கூப்பிட பைதான் கூடவே வர்ற வழி அது. லிப்ஃப்ரீநெக்ட் ஒவ்வொரு ஃப்ரேம் வந்ததும் ஒரு கால்பேக்க (நாம முன்னாடியே குடுத்து வெச்ச ஃபங்ஷன) கூப்பிட்டு டேட்டா இருக்கற இடத்துக்கு ஒரு பாயிண்டர (மெமரி அட்ரஸ) குடுக்கும். அந்த இடம் லைப்ரரியோடது, அடுத்த ஃப்ரேமும் அதே இடத்துலதான் எழுதப்படும். சிடைப்ஸ் பாயிண்டர நம்பை அரேயா மாத்தற ஃபங்ஷன் டேட்டாவ காப்பி எடுக்காது, அந்த இடத்த பாத்துக்கிட்டு இருக்கற ஒரு ஜன்னல்தான் குடுக்கும். 30 தடவ அத லிஸ்ட்ல போட்டா 30 ஜன்னல், பின்னாடி இருக்கற ரூம் ஒண்ணுதான். மீடியன் போட்டு ஒரு புண்ணியமும் இல்ல, கடைசியா வந்த ஃப்ரேம் அப்படியே வெளிய வருது.

இது வெறும் நாய்ஸ் பிரச்சனையா இருந்தா ரெண்டு மூணு அடி வித்தியாசத்தோட போயிருக்கும். 20 அடி ஏன் கொறைஞ்சுது? இங்கதான் கேஸ் முழுசா புரிஞ்சுது. ஸ்கிரிப்ட் ஃப்ரேம எடுத்துட்டு, வண்டி நம்பர் கேக்கும், நம்பர் அடிச்சு என்டர் தட்டினதுக்கு அப்புறம்தான் மீடியன் போட்டு அடி கணக்கு சொல்லும். கேமரா இன்னொரு த்ரெட்ல, அதாவது அதே புரோகிராமுக்குள்ள பக்கத்துல தனியா ஓடற வேலையா, ஓடிக்கிட்டே இருக்கு. ஆபரேட்டர் வெரசா அடிச்சா வண்டி அங்கயே நிக்குது, கணக்கு சரி. ஆபரேட்டர் போன் பேசிக்கிட்டே அடிச்சாரு, டிரைவர் பட்டன் அமுக்கியாச்சுன்னு வண்டிய நகத்திட்டாரு, இல்ல கிளீனர் மேல ஏறி தார்ப்பாய இழுக்க ஆரம்பிச்சாரு, அப்ப அந்த 30 அரேவும் காட்டுறது பட்டன் அமுக்கின நேரத்து மணல இல்ல, என்டர் தட்டுற நேரத்துல கேமராவுக்கு கீழ என்ன இருக்கோ அத. பாதி வண்டி வெளிய போயிருந்தா பாதி மணல்தான் தெரியும். ஆள பொறுத்து, நேரத்த பொறுத்து மாறினதால யாருக்கும் பிடிபடல, "காத்து அடிக்கற நாள்ல தப்பா காட்டுது"ன்னு டெப்போவுல ஒரு நம்பிக்கையே வந்துடுச்சு. அதுலயும் ஒரு நியாயம் இருக்கு, காத்து அடிக்கற நாள்ல மணல் பறக்கும்னு தார்ப்பாய சீக்கிரம் இழுப்பாங்க.

கால்பேக் உள்ள ஒரு காப்பி போட்டா இது நின்னுடும், உடனே போட்டேன், அன்னிக்கே 20 அடி சண்டை நின்னுச்சு. அப்புறம் எதுக்கு தனி பைண்டிங்னு கேட்டா, காரணம் இருக்கு. லிப்ஃப்ரீநெக்ட் கூடவே சைதான்ல (பைதான் மாதிரி எழுதி சியா மாத்தற மொழி) எழுதின ஒரு பைதான் ராப்பர், அதாவது ரெடிமேடு பைண்டிங், வருது, படம் பாக்கறதுக்கும் பழகறதுக்கும் நல்லா போதும். நமக்கு வேண்டியது வேற: பட்டன் அமுக்கின கணத்துக்கு அப்புறம் வந்த 30 ஃப்ரேம் மட்டும், ஒவ்வொண்ணும் தனி மெமரியில, ஒவ்வொண்ணோட நேரத்தோட, நடுவுல ஏதாச்சும் விட்டுப்போயிருந்தா அந்த எண்ணிக்கையோட. காசு கைமாறுற இடத்துல "அனேகமா சரியா இருக்கும்"ங்கறது ஆகாது.

சிடைப்ஸ்லயே வண்டிய ஓட்டியிருக்கலாம்தான். ஆனா அதுல நாம சொல்லாத எல்லாத்தையும் அதுவா யூகிக்கும். ஃபங்ஷன் திருப்பித் தர்ற டைப் என்னன்னு சொல்லலேன்னா இன்ட்னு எடுத்துக்கும், 64 பிட் போர்டுல பாயிண்டர் பாதியா வெட்டுப்படும். கால்பேக் ஆப்ஜெக்ட்ட பைதான் பக்கம் ஒரு வேரியபிள்ல பிடிச்சு வெக்கலேன்னா கார்பேஜ் கலெக்டர் (யாரும் பிடிச்சு வெக்காத மெமரிய விடுவிக்கறது) எடுத்துட்டுப் போயிடும், அப்புறம் எப்பயோ ஒரு நாள் புரோகிராம் படுத்துடும், ஏன்னு தெரியாது. பெரிய விஷயம் இன்னொண்ணு, ஜிஐஎல், ஒரு நேரத்துல ஒரு த்ரெட் மட்டும் பைதான் கோட ஓட்டணும்னு வழக்கமான பைதான்ல இருக்கற பூட்டு. யுஎஸ்பில ஐசோக்ரோனஸ் டிரான்ஸ்ஃபர்ல வர்ற டேட்டாவ நேரத்துக்கு எடுக்கலேன்னா திரும்ப கேக்க முடியாது, போனது போனதுதான். ஈவன்ட்ட புராசஸ் பண்ற த்ரெட் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பைதான் கால்பேக் உள்ள போக ஜிஐஎல்லுக்காக காத்து நின்னா, அந்த நேரம் மெயின் த்ரெட் பில் பிரிண்ட் போட்டுக்கிட்டு இருந்தா, பாக்கெட் கை நழுவும், ஃப்ரேம்ல ஒரு பட்டை பழைய ஃப்ரேமோடதா இருக்கும். மணல் மேட்டுல ஒரு பட்டை பழைய வண்டியோடதுன்னா கணக்கு எப்படி வெளங்கும்?

பைண்டிங்

பைபைன்ட்11ல எழுதினேன், சி++ கோட பைதானோட இணைக்கற லைப்ரரி அது. சி++ பக்கம் ஒரு கிளாஸ், அதுக்குள்ள ஒரு த்ரெட், அந்த த்ரெட்டோட ஒரே வேலை லிப்ஃப்ரீநெக்ட் ஈவன்ட்ட ஓட்டிக்கிட்டே இருக்கறது. கால்பேக் சுத்தமா சி++, பைதான தொடவே தொடாது, ஜிஐஎல்லே கேக்காது. யாராச்சும் ஃப்ரேம் கேட்டிருந்தா மட்டும் காப்பி எடுத்து வெக்கும், கேக்கலேன்னா சும்மா விட்டுடும். என்னை பொறுத்தவரைக்கும் இந்த மாதிரி பைண்டிங்ல எடுக்க வேண்டிய முடிவுல முக்கியமானது இதுதான். "ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உங்க பைதான் ஃபங்ஷன கூப்பிடறேன்"ங்கற டிசைன் பாக்க அழகா இருக்கும், டெமோவுக்கு நல்லா இருக்கும், ஆனா ஹார்ட்வேரோட நேரத்த பைதானோட நேரத்துல கட்டி வெச்ச மாதிரி ஆயிடும். பைதான் கேக்கறப்ப குடுக்கணும், கேமரா வர்றப்ப பைதான கூப்பிடக்கூடாது.

பைதான் பக்கம் வெளிய தெரியறது ரொம்ப கொஞ்சம்: திற, இத்தன ஃப்ரேம் எடு, மூடு. எடுன்னு சொன்னா உள்ள புதுசா மெமரி ஒதுக்கி, அந்த கணத்துக்கு அப்புறம் ஆரம்பிச்ச ஃப்ரேம்ல இருந்து எண்ணி நிரப்பும், நிறையற வரைக்கும் ஜிஐஎல்ல விட்டுக் குடுத்துட்டு காத்திருக்கும். நிறைஞ்சதும் 30க்கு 480க்கு 640ன்னு ஒரு நம்பை அரே வெளிய வரும். வரிசைய கவனிங்க, 480 முன்னாடி, ஒசரம் மொதல்ல, மாத்திப் போட்டா எரர் வராது, படம் சாஞ்ச கோடு கோடா வரும். அந்த அரேயோட மெமரிக்கு ஒரு கேப்சூல் மாட்டி விட்டுடறேன், அரே எப்ப கடைசியா விடுபடுதோ அப்ப அந்த மெமரியும் விடுபடும். கேமராவ மூடினாலும், கேமரா ஆப்ஜெக்ட்டையே டெலீட் பண்ணினாலும் அரே உயிரோட இருக்கும். இத நம்பி விடாம டெஸ்ட்டே எழுதி வெச்சேன்: ஃப்ரேம் எடு, கேமராவ மூடு, ஆப்ஜெக்ட்ட அழி, கார்பேஜ் கலெக்டர கையால ஓட்டு, அப்புறம் அரேய முழுசா படி. அட்ரஸ் சானிடைசர் (மெமரி தப்ப பிடிக்கற கருவி) போட்டு கம்பைல் பண்ணி இத ஓட்டினா ஏதாச்சும் ஓட்டை இருந்தா அங்கயே கத்தும். இன்னொரு டெஸ்ட், வெறும் தரைய எடுத்து ஸ்டாண்டர்ட் டீவியேஷன் படம் முழுக்க 0வா இல்லன்னு பாக்கறது. தினம் காலையில டெப்போ திறக்கறப்ப இந்த ரெண்டாவது டெஸ்ட் தானா ஓடும்.

காப்பி எடுத்தா ஸ்லோ ஆகாதான்னு சிலர் கேப்பாங்க, ஜீரோ காப்பின்னு ஒரு மோகம் இருக்கு. ஒரு ஃப்ரேம் 6,14,400 பைட், 30 ஃப்ரேம் சேந்தா 18 எம்பி சொச்சம். இந்த சின்ன போர்டுல கூட ஒரு ஃப்ரேம் காப்பிக்கு ஆகற நேரம் கேமரா அடுத்த ஃப்ரேம் அனுப்பற 33 மில்லி செகண்டுல ஒரு துளி. காப்பிய மிச்சம் பிடிச்சு இங்க ஒரு லாபமும் இல்ல, மெமரி யாரோடதுங்கற தெளிவுதான் இங்க லாபம்.

மூடற எடத்துல ஒரு விஷயம். மூடுன்னு பைதான்ல இருந்து கூப்பிடறப்ப ஜிஐஎல் நம்ம கையில இருக்கும். அத வெச்சுக்கிட்டே உள் த்ரெட் முடியற வரைக்கும் காத்திருந்தா, அந்த த்ரெட் எங்கயாச்சும் ஜிஐஎல் கேட்டு நின்னுச்சுன்னா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு விடிய விடிய நிக்கும். நம்ம கால்பேக் பைதான தொடாததால இங்க அந்த ஆபத்து இல்ல, இருந்தாலும் மூடற ஃபங்ஷன்லயும் ஜிஐஎல்ல விட்டுட்டுத்தான் காத்திருக்கறேன், நாளைக்கு வேற யாராச்சும் லாக் மெசேஜ பைதானுக்கு அனுப்பணும்னு ஒரு வரி சேத்தா கூட தாங்கணும்.

அரேல இருந்து அடி கணக்குக்கு

பைண்டிங் சரியானதும் நம்பர் நின்னுச்சு, அதாவது ஒரே வண்டிய திரும்பத் திரும்ப எடுத்தா ஒரே அளவு வந்துச்சு. ஒரே அளவு வர்றது வேற, சரியான அளவு வர்றது வேற. இதுல பாத்தது நெறைய.

மொதல்ல அந்த 0. தூரம் தெரியாத பிக்சல அப்படியே விட்டா கேமராவ தொடற ஒசரத்துக்கு மணல் இருக்குன்னு கணக்கு வரும். மாஸ்க் போட்டு அந்த பிக்சல ஒதுக்கியே ஆகணும். அதுலயும் பாடியோட பக்கப் பலகைய ஒட்டி ஒரு பக்கம் மட்டும் எப்பவும் ஒரு பட்டை 0வா இருக்கும், லேசரும் கேமராவும் தள்ளி தள்ளி இருக்கறதால பலகையோட நெழல் விழற எடம் அது. அத பக்கத்து மணல வெச்சு நிரப்பணும், விட்டுட்டா அந்த பட்டை அளவு மணல் போச்சு.

அப்புறம், பைண்டிங் குடுக்கறது 16 பிட் அன்சைன்டு நம்பர். அதுல 3700ல இருந்து 3702வ கழிச்சா மைனஸ் 2 வராது, 65534 வரும். நம்பை வாயே திறக்காது. கழிக்கறதுக்கு முன்னாடி 32 பிட்டுக்கு மாத்திடணும். இத பைண்டிங்லயே மாத்திக் குடுத்துடலாமான்னு யோசிச்சேன், வேண்டாம்னு விட்டேன், கேமரா குடுத்தத அப்படியே சேமிச்சு வெக்கறதுக்கு 16 பிட்தான் சரி, சண்டை வந்தா எடுத்துக் காட்ட அந்த மூல டேட்டா வேணும்.

பிக்சலோட பரப்பு எல்லா எடத்துலயும் ஒண்ணு இல்லங்கறது அடுத்தது. இந்த கேமராவோட ஃபோக்கல் லெங்த் கிட்டத்தட்ட 580 பிக்சல். 3.7 மீட்டர்ல இருக்கற பாடி அடித்தளத்துல ஒரு பிக்சல் 6.4 மில்லிமீட்டர் சதுரம், 3.1 மீட்டர்ல இருக்கற மணல் மேட்டுல 5.3தான். பரப்புல பாத்தா 40 சதவீதத்துக்கு மேல வித்தியாசம். ஒசரத்த எல்லாம் கூட்டி ஒரே நம்பரால பெருக்கினா தப்புதான் வரும். அதனால ஒவ்வொரு பிக்சலையும் முப்பரிமாண புள்ளியா மாத்தி, பாடிக்கு மேல ரெண்டு சென்டிமீட்டர் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒசரத்தோட மீடியன் எடுத்து கூட்டறோம்.

இதெல்லாத்தையும் விட எனக்கு ருசியா இருந்தது ஸ்பிரிங் பட்டை விவகாரம். காலி வண்டிய ஒரு தடவ அளந்து வெச்சுக்கிட்டு, லோடு வண்டியில இருந்து கழிச்சா போதும்னுதான் பழைய ஸ்கிரிப்ட் இருந்துச்சு, யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாங்க. ஆனா ஒரு யூனிட் மணல்னா நாலர டன் வாக்குல எடை, அத ஏத்தினா பட்டை அமுங்கி பாடியே கீழ எறங்குது. பாடி ரெண்டு சென்டிமீட்டர் எறங்கினா 4 அடி மணல் காணாம போகும், நெறைஞ்ச வண்டி எறங்கறது அதுக்கும் மேல. அதனால தரையில இருந்தோ கேமராவுல இருந்தோ அளக்கக்கூடாது, பாடியோட மேல் விளிம்புல இருந்து அளக்கணும். விளிம்பும் அடித்தளமும் சேந்துதான் எறங்கும், நடுவுல இருக்கற ஒசரம் மாறாது. படத்துல நாலு பக்க விளிம்ப கண்டுபிடிச்சு, அதுக்கு ஒரு தளம் பொருத்தி, அந்த தளத்துல இருந்து மணல் எவ்வளவு கீழ, எவ்வளவு மேலன்னு பாக்கறோம். வண்டி ஒரு பக்கம் சாஞ்சு நின்னாலும் இது தாங்கும். காத்துக்கும் இதுவே மருந்தாச்சு. பாலக்காட்டு கணவாய் காத்து ஆனி ஆடியில எப்படி வரும்னு அங்க இருக்கறவங்களுக்கு சொல்லவே வேண்டாம், தகர ஷெட்டே ஆடும், கூட கேமராவும் ஆடும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் விளிம்பு தளத்த தனியா பொருத்தினதுக்கு அப்புறம் அந்த ஆட்டம் கணக்குல தெரியல. மீடியன மொதல்ல போட்டுட்டு தளம் பொருத்தியிருந்தா இது முடிஞ்சிருக்காது, ஃப்ரேம் ஃப்ரேமா தனி மெமரியில இருந்ததாலதான் முடிஞ்சுது.

வெயில் இன்னொரு எதிரி. சாயங்கால வெயில் மேக்கால இருந்து சாஞ்சு ஷெட்டுக்குள்ள நேரா விழும், சூரிய வெளிச்சத்துல இருக்கற இன்ஃப்ராரெட் முன்னாடி இந்த லேசர் புள்ளி எல்லாம் கரைஞ்சு போகும், அந்த எடம் பூரா 0. சாஃப்ட்வேர்ல இதுக்கு வழி இல்ல. மேக்கு பக்கம் தென்னங்கீத்து தட்டி கட்டினாங்க, சரியாப் போச்சு. கூடவே ஒரு விதி வெச்சோம், மணல் பரப்புல 0 பிக்சல் ஒரு அளவுக்கு மேல போனா அடி கணக்கு சொல்லவே சொல்லாது, "வெளிச்சம் விழுது, மறுபடி எடு"ன்னு தமிழ்லயும் மலையாளத்துலயும் ஸ்கிரீன்ல காட்டும். தப்பா ஒரு நம்பர் சொல்றதுக்கு நம்பர் சொல்லாம இருக்கறது எவ்வளவோ மேல்.

சரிபாத்தது

கலவைக்கு அளக்கற மரப்பெட்டி இருக்கில்ல, சிமெண்ட் மூட்டைக்கு கணக்கா 1.25 கன அடி பிடிக்கறது, அத வெச்சு காலி டிப்பர்ல பெட்டி பெட்டியா மட்டம் தட்டி கொட்டச் சொன்னோம். 20 பெட்டி ஆனதும் ஒரு படம், இன்னொரு 20 ஆனதும் ஒரு படம். கொட்டினவங்க டெப்போ ஆளுங்க, எண்ணினவர் டிரைவர், யாரும் யாரையும் சந்தேகப்பட வழியில்லாம. கேமரா கணக்கு பெட்டி கணக்குக்கு ரெண்டு அடிக்குள்ள வந்துச்சு. மணல கூம்பா குவிச்சும், ஒரு மூலையில தள்ளி வெச்சும் எடுத்துப் பாத்தோம், டேப்பு பெருக்கல் அங்கதான் தடுமாறும், கேமரா தடுமாறல. பட்டன் அமுக்கிட்டு வேணும்னே வண்டிய நகத்தச் சொல்லி, அப்புறமா நம்பர் அடிச்சும் பாத்தோம். அடி மாறல. அன்னிக்கு வண்டிய குறுக்க நிறுத்தின டிரைவரே வந்து நின்னு பாத்தாரு, "இப்ப சொல்றது எங்க மணலத்தானுங்ணா"ன்னாரு.

இதுல ஒண்ண டெப்போக்காரர்கிட்ட தெளிவா சொல்லி வெச்சேன், கேமரா அளக்கறது கன அளவு மட்டும்தான். ஈர மணல் உப்பும். மணல் துகள சுத்தி தண்ணி படலமா ஒட்டி துகள தள்ளி நிறுத்தறதால 5 முதல் 8 சதவீத ஈரத்துல கன அளவு 20, 30 சதவீதம் வரைக்கும் கூடலாம், பொடி மணல்னா அதுக்கும் மேல. முழுசா தண்ணியில முக்கினா பழையபடி அமுங்கிடும். கழுவின எம்சாண்ட் கிரஷர்ல இருந்து சொட்ட சொட்ட கிளம்பி வழியில பாதி காஞ்சு வர்றப்ப 100 அடிங்கறதுக்குள்ள எவ்வளவு மணல், எவ்வளவு காத்துன்னு எந்த கேமராவுக்கும் தெரியாது. இதுக்கு இந்திய தர விதியான ஐஎஸ் 2386 மூணாவது பாகத்துலயே சுலபமான டெஸ்ட் இருக்கு, ஒரு அளவு ஜாடியில ஈர மணல போட்டு ஒசரம் பாத்துட்டு, தண்ணி ஊத்தி கலக்கி, அடங்கினதும் மறுபடி ஒசரம் பாக்கறது. இப்ப லோடுக்கு ஒரு ஜாடி டெஸ்ட் பண்ணி அந்த சதவீதத்தையும் அதே பில்லுல போடறாங்க. பில்லுல அடி, உப்பின சதவீதம், படம் எடுத்த நேரம், எடுத்த ஃப்ரேம் எண்ணிக்கை, விட்டுப்போன ஃப்ரேம் எண்ணிக்கை எல்லாம் வருது, மூல டேட்டா ஒரு மாசத்துக்கு டிஸ்க்ல இருக்கு. டிரைவர் கேட்டா மணலோட ஒசரப் படத்த கலர்ல காட்டறாங்க, எந்த மூலை பள்ளம்னு அவரே பாத்துக்கலாம்.

பாக்கி இருக்கறது பெரிய டிப்பர். பத்து சக்கர வண்டியோட பாடி ஒரு கேமராவுக்குள்ள அடங்காது, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு வேணும். ரெண்டும் ஒரே நேரத்துல லேசர் அடிச்சா ஒண்ணோட புள்ளி இன்னொண்ணுக்குள்ள விழுந்து நடுவுல குழப்பம் ஆகும், அது மட்டும் இல்லாம ஒரு கினெக்ட்டே யுஎஸ்பி 2.0 பஸ்ஸ பாதிக்கு மேல எடுத்துக்கறதால ரெண்டுக்கும் தனித்தனி கன்ட்ரோலர் வேணும். மொத கேமராவுல 30 ஃப்ரேம் எடுத்து அதோட ஸ்ட்ரீம நிறுத்தி, அப்புறம் ரெண்டாவத கிளப்பி, ஆரம்பத்துல தடுமாறற சில ஃப்ரேம தள்ளிட்டு 30 எடுக்கற மாதிரி பைண்டிங்ல ஒரு ஃபங்ஷன் சேக்கறேன். அந்த ரெண்டு செட்டுக்கும் நடுவுல வண்டி நகரலன்னு உறுதிப்படுத்த, ரெண்டு கேமராவுக்கும் பொதுவா தெரியற பக்க விளிம்ப ஒப்பிட்டுப் பாத்து, பொருந்தலேன்னா கணக்கு சொல்லாம திரும்ப எடுக்கச் சொல்லும். கேமராவும் ரெண்டாவது கன்ட்ரோலரும் வந்தாச்சு, ஷெட்டுல இன்னொரு டிரஸ் வெல்டிங் முடிஞ்சதும் மாட்டிடுவோம்.